கீழ்வீட்டுக்காரன் திட்டவில்லை

என் பேத்தி மகாராணிக்கு,

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படி. கீழ்வீட்டு எமகாதகன் இன்று என்னைத் திட்டவில்லை! செடிக்கு ஊற்றுகிற சாக்கில் ஒரு குளத்தையே அவன் பால்கனியில் கவிழ்த்தும் சத்தமே இல்லை. பதறி ஓடினேன். கதவு திறந்திருந்தது; ஆள் தரையில் கிடந்தான். ஆம்புலன்ஸ் வருகிறது, நானும் கூடப் போகிறேன்.

"பிடிக்காதவன் விழுந்து கிடந்தா தாண்டிப் போயிடுவீங்களா?" என்று நேற்று கேட்டாய். "ஒரு மிதியும் மிதிச்சுட்டுப் போவேன்" என்றேன். அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கடமையென்று ஓடவில்லை. இவனும் போய்விட்டால் யாரோடு மல்லுக்கட்டுவது என்றுதான் ஓடினேன். இது நல்ல மனசா, சுயநலமா, நீயே சொல்.

கண் விழித்ததும் என்ன கேட்டான் தெரியுமா? "நீதானா? வேற ஆளே கிடைக்கலையா?"

என் செல்லமான உன் தம்பியை இன்று பல் டாக்டரிடம் கூட்டிப்போக முடியாது, கோபித்துக்கொள்ளட்டும். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. இந்தச் சீட்டை எதிர்வீட்டு டீச்சர் நம் மேஜையில் வைப்பார், சாவியும் அவரிடம்தான்.

பி.கு.: கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையை அவன் விடமாட்டேன் என்கிறான்.