சாசுவதமாய்

பிப்ரவரி 9, திங்கள்

எங்கள் வயலில் வேலை செய்யும் முருகையன், அவர் வீட்டு மனைக்காக என் தாத்தா எழுதிக்கொடுத்த காகிதத்துடன் வந்தார். அப்பா வயலோடு அந்த மனையையும் சேர்த்து விற்க விலை பேசியிருக்கிறார்.

“சாசுவதமாயின்னு எழுதியிருக்கே, அப்படின்னா என்னங்க தம்பி?”

என்றைக்கும், அழிவில்லாமல். அந்தச் சொல்லைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதியவன் நான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் காலத்து எழுத்துண்ணே. நாங்க சொல்ற வரைக்கும் இருக்கலாம்னு அர்த்தம்,” என்றேன்.

“அதானே. எம்பொண்டாட்டி என்னமோ ஊரையே எழுதிக் குடுத்த மாதிரி பேசுறா,” என்று சிரித்தார். காகிதத்தை என்னிடமே கொடுத்தார். “படிச்சவங்க கையில இருக்கட்டும்.”

வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் அப்பா எனக்கு இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார். குடித்தேன்.