பதின்மூன்று பேர், ஒரு பஸ்

ஹாரம் தீவு
ஜனவரி 10

அன்பு மகள் தீரிலுக்கு,

உன் பதினெட்டாவது பிறந்தநாளில் ஊரையே சிரிக்க வைத்த பெருமை என்னுடையது. நேற்றுக் காலை உன் சேமிப்புக் கணக்கைப் பார்க்கலாமென்று கைபேசியைத் திறந்தேன். கணக்கைக் காணோம். எவனோ சுருட்டிவிட்டான் என்று, ஃபெர்ரியில் வேலை செய்த எண்ணெய்ச் சட்டையோடு அக்கரை வங்கிக்கு ஓடினேன். மீசை இன்னும் யோசனையில் இருக்கும் ஒரு பையன் கணினியைப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "பணம் பத்திரமா இருக்கு சார். பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. இனிமே அது அவங்க கணக்கு, நீங்க எட்டிப் பார்க்க முடியாது." பின்னால் நின்ற பக்கத்து வீட்டு கேர்ட்ரூட், "பொண்ணுகிட்ட அனுமதி கேட்டுப் பாரு ஸ்வைனுங், நல்ல புள்ள, தருவா" என்றாள்.

ஆறுதலுக்கு ஒரு கையேடு கொடுத்தான் பையன். பள்ளி முடிப்பவர்களுக்குப் பண அறிவு புகட்டுவதாம். அட்டையில் ஒருத்தி காப்பிக் கோப்பையைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளிடம் கற்க ஒன்றுமில்லை, நானே சொல்கிறேன். ரகசிய எண்ணை யாருக்கும் கொடுக்காதே. காதலனுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். கடன் அட்டை தருகிறேன் என்று ஒருவன் பல்லைக் காட்டினால், அந்தப் பல்லைக் கட்டிய செலவு யாருடையது என்று யோசி. கையில் காசு வந்ததும் வாடகையை ஒதுக்கு. மிச்சத்தில் சாப்பிடு.

அப்புறம் அந்த பஸ். பதின்மூன்று பெண்கள், தங்களைவிட வயதான ஒரு வண்டியைக் கடனில் வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டு ஒலிபெருக்கி அடுக்கி, பள்ளி முடிக்கிறவர்களின் வழக்கமான கொண்டாட்டமென்று சிவப்புக் கால்சட்டையில் மே மாதம் முழுக்க ஊர் தூக்கத்தைக் கெடுக்கப்போகிறீர்கள். ஜூனில் அதைக் காயலான் கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் படி: ஒருத்தி நழுவினால் அவள் பங்கு மற்றவர்கள் தலையில். கையெழுத்துப் போடாதே.

கைபேசியில் எழுதினால் நீ கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புகிறாய். அதனால்தான் தபால்.

எட்டிப் பார்க்க அனுமதியற்ற,
அப்பா

ஓலெசுண்ட்
ஜனவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. வீட்டுக்காரம்மா தபால்தலையை வேடிக்கை பார்த்தார்.

பண விஷயத்தில் நீங்களா எனக்குப் பாடம்? உங்கள் பணம் எத்தனை வருடமாக வட்டியே இல்லாத கணக்கில் தூங்குகிறது? வட்டியைக் கூட்டச் சொல்லிக் கேட்க வெட்கம். கேட்டால் அந்த மீசைப் பையன் கையேடு கொடுத்துவிடுவான் என்று பயம்.

பஸ் வீண் என்று எனக்குத் தெரியாதா? வாங்குவது பஸ்ஸை இல்லை அப்பா. பள்ளியில் நாங்கள் இரண்டு வருடமாக ஒரே மேசையில் உட்காருகிறோம். பஸ்ஸில் இல்லாதவள் மே மாதம் முழுக்கச் சாலையோரம் நின்று மற்றவர்களைப் படமெடுத்துக்கொண்டு இருப்பாள். நீங்கள் பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டீர்கள், உங்களுக்கு இது புரியாது. முன்பணம் கட்டிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் கையெழுத்து. என் பங்கு அறுபதாயிரம் குரோனர். சேமிப்பிலிருந்து பாதி, மீதி கடன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

தீரில்

ஹாரம் தீவு
பிப்ரவரி 4

தகவலுக்கு நன்றி, பஸ் முதலாளியே.

ஆமாம், பதினாறில் விட்டேன். அதனால்தான் அறுபதாயிரத்தை ஒரு மாதத்தால் வகுக்க எனக்கு விரல் போதும். படித்தவர்களுக்குப் பதின்மூன்று பேர் தேவைப்படுகிறது.

ஃபெர்ரியில் காப்பி நேரத்தில் ரோல்ஃப் கேட்டான்: "உன் பொண்ணு பஸ் வாங்குறாளாமே, டிரைவர் வேலை காலியா இருந்தா சொல்லு." நான் சொன்னேன்: "அந்த பஸ்ஸில புத்தி இருக்கிற ஒரே ஆள் டிரைவர்தான். அவனுக்கு மட்டும்தானே சம்பளம்." எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

உன் மேசைத் தோழிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். காசு கட்டினால்தான் பக்கத்தில் இடம் என்பதற்குப் பெயர் நட்பு இல்லை, வாடகை. அவர்களில் அந்த யில்வாவின் அப்பாவுக்கு மூன்று மீன்பிடிக் கப்பல். அவள் விழுந்தால் பஞ்சில் விழுவாள். நீ விழுந்தால் என்மேல் விழுவாய், நானோ எலும்பு. கூட்டம் ஓடுகிறதென்று கூடவே ஓடுவது ஆட்டின் வேலை. ஆட்டுக்கு எந்த வங்கியும் கணக்குத் திறப்பதில்லை. நீ ஓடு, ஆட்டுக்கும் ஒரு கணக்கை உன்னை வைத்துத் திறக்கவைப்போம்.

இதற்குமேல் எழுதினால் உன் அம்மா பேனாவைப் பிடுங்குவாள்.

அப்பா

ஓலெசுண்ட்
மார்ச் 3

அப்பாவுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் திரும்ப வராது.

முதல் வீடு வாங்குவதற்கான இளைஞர் சேமிப்பில் இந்த வருடத்துக்கு எவ்வளவு போடலாமோ அவ்வளவையும் போட்டுவிட்டேன். வரியும் குறையும். வாடகை தனிக் கணக்கு, சாப்பாடு தனிக் கணக்கு. கடன் அட்டை வாங்கவில்லை. கையேட்டில் இருக்கும் பெண் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் போல.

பஸ் தோழிகள் கைபேசி உரையாடல் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சண்டையெல்லாம் இல்லை. யில்வா, "பரவாயில்ல, உங்க வீட்டு நிலைமை புரியுது" என்றாள். மதியம் நூலகத்தில் சாப்பிடுகிறேன், அமைதியாக இருக்கிறது. ஈஸ்டருக்கு வரமாட்டேன். துறைமுகக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது.

நீங்கள் சொன்னது எல்லாமே சரி. இனி எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

தீரில்

ஹாரம் தீவு
மே 18

அன்பு மகள் தீரிலுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஏப்ரல் முழுக்க எழுதவில்லை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு இதை மன்னித்துவிடு.

நேற்று தேசிய நாளில் சொல்லாமல் வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாதான் கோட்டை மாட்டி அனுப்பினாள். உன் கடை வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றேன். நீ நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கேட்பது போலக் கேட்டாய்: "சாஸேஜுக்குக் கடுகா, கெச்சப்பா?" ரெண்டும் என்றேன். "ரெண்டும்னா ரெண்டு குரோனர் கூட" என்றாய். கொடுத்தேன். நல்ல வியாபாரி.

அப்போதுதான் அந்த பஸ் வந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பாடினார்கள். ஒலிபெருக்கி அதிர்ந்ததில் என் சாஸேஜ் நடுங்கியது. நீ திரும்பவில்லை. மேசையில் கறையே இல்லாத ஓரிடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாய், அந்தச் சத்தம் பாலம் தாண்டும்வரை.

நான் கேட்டேன்: "லீவு நாள்ல ரெட்டைச் சம்பளமா?"

"ஆமா."

"அதையும் சேமிப்புலதானே போடுவே?"

"வேற எங்க போட, அப்பா?"

"நல்லது, நல்லது" என்றேன். பின்னால் நின்றவர் நகரச் சொன்னார், நகர்ந்துவிட்டேன்.

நீயும் அந்த பஸ்ஸில போயிருக்கலாமேம்மா என்று சொல்லவில்லை.

அப்பா