தேறுதல் சொல்ல வா

காரவள்ளி

என் செல்ல மகன் அனஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேச்செடுத்தால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தின் வாயை அடைக்க முடியாதல்லவா? உன் அறைத் தோழன் ரமீஸ் லீவு முடிந்து துபாய் திரும்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மலையில் மிளகு பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். வளப்பூர் நாட்டிலிருந்து முதல் மூட்டை நம் கடைக்கு வந்துவிட்டது. அத்தாவுக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

உங்கள் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனதிலிருந்து சித்திகா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ வாட்ஸ்அப்பில் "சபூர் செய்" என்று அனுப்புகிறாய். பொறுமை நல்லதுதான், மார்க்கம் சொன்னதுதான். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் வார்த்தை மட்டும் வந்தால் அதட்டுவது போல இருக்கிறது, மகனே.

உனக்கு முன்னால் பிறந்த உன் அக்காவும் எனக்குத் தங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு என்று கேட்டுக் கேட்டு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்கள். மலையிலிருந்து கடைக்குப் பலாப்பழம் கொண்டுவரும் ஆயம்மாள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலம், கிணற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கிடந்தது. மடியிலிருந்து ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்துக் குடத்தின் உள்ளே தேய்த்தாள். அதில் அந்தத் தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் குடத்தை எடுக்கப் போனபோது, "அசைக்காதீங்க கண்ணு, அதுபாட்டுக்குத் தேறட்டுங்க" என்றாள். மலைக்குத் திரும்பும் பஸ்ஸையும் விட்டுவிட்டாள். தண்ணீர் தெளிந்ததும் எனக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தாள். பிள்ளை போனபின் அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

தேறுதல் என்ற சொல்லுக்குத் தெளிவது என்றுதான் முதல் அர்த்தம் என்று பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன், அவ்வளவுதான். அர்த்தத்தை ஆயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கண்டேன். போன வருடம் அவளும் மண்ணுக்குள் போய்விட்டாள். இருந்திருந்தால் முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்திருப்பாள். அந்த நாளையும் அவளையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

லீவு கிடைக்கவில்லை என்று எங்களிடம் சொன்னாய். நீ கேட்கவே இல்லை என்று ரமீஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. சித்திகாவின் முகத்தைப் பார்க்க உனக்குப் பயம். பெற்றவளுக்கு அது தெரியாதா? வந்து ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்.

நேற்று சித்திகா என்னிடம் கேட்டாள்: "மாமி, அவங்களுக்கும் வலிச்சிருக்குமா?" அவனுக்கும் வலிக்கும்மா, வந்துவிடுவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக அவளிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
சலீமா பீவி