சின்ன போனில் வராத ஐந்து வரி

ஆம்பூர்
14-2-2025

மேகலாவுக்கு ஆயா எழுதுவது.

அன்று வீட்டில் இருந்தவர்கள்: உன் அப்பன், என் மகன் புகழேந்தி, ஷிப்ட் முடிந்து வந்து கால்கூடக் கழுவாமல் வாசற்படியில். எதிர்வீட்டு ஜாஸ்மின், மாவு வாங்க வந்தவள், கிண்ணம் இடுப்பில். அப்புறம் நான். மூன்று பேர். வேறு யாரும் வரவில்லை. ஜனவரி இருபத்தைந்து, சனிக்கிழமை, மாலை நாலேகால்.

மறுநாள் அன்வரியின் பேத்தி ஹீனாவுக்கு நிக்காஹ். அழைப்பு என் போனுக்கு வந்தது. பதினோரு வீடு தள்ளி இருக்கிறவள், நேரில் வந்து கூப்பிடவில்லை. நீ கம்ப்யூட்டரில் செய்து கொடுத்த பக்கம் என்று உன் அப்பனுக்கு ஒரே பெருமை. ஜாஸ்மின்தான் வாங்கிப் படித்தாள். மண்டபம், நேரம், மாப்பிள்ளை வீட்டார் பெயர் எல்லாம் இருந்தது.

"எனக்குன்னு தனியா ஏதாச்சும் எழுதியிருக்காளா பாரு"ன்னேன்.

"கடைசி வரைக்கும் தள்ளிட்டேன் ஆயா. ஒண்ணும் இல்ல."

இருபத்தொன்பது வருஷம் அவளோடு நான் பேசவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். 1996 ஜூன், ஷூ கம்பெனி. முப்பத்தெட்டாம் நம்பர் மேல்தோலுக்கு முப்பத்தாறாம் நம்பர் உள்தோல் லைனிங்கை வைத்துத் தைத்து இருநூறு ஜோடி சுருங்கிப் போனது. மாற்றி வைத்தவள் அன்வரி. சூப்பர்வைசர் முனீர் அகமது வந்து யார் என்று கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த மிஷினில் நான். பழி என் மேல் வந்தது, கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். அன்று அவள் கட்டியிருந்தது பச்சைப் புடவை.

அதனால் நிக்காஹுக்கு நான் போகவில்லை. பதினோராம் நாள் அவள் இறந்துபோனாள். நேற்று ஹீனா தெருவில் உன் அப்பனை நிறுத்தி, "எங்க தாதிமா ஆயாவுக்கு அஞ்சு வரி எழுதியிருந்தாங்களே, பாக்கலியா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த ஐந்து வரி என் போனில் இல்லை. எங்கே போனது? பக்கம் செய்தவள் நீ, நீதான் சொல்லவேண்டும். போனில் கூப்பிடாதே, அணைத்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன். காகிதத்தில் எழுது.

ஆயா


பெங்களூரு
19-2-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அந்த வரிகளை மறைத்தது நான்தான்.

என் வேலை என்ன என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், நானும் "கம்ப்யூட்டர்" என்று முடித்துவிடுவேன். ஒரே பக்கத்தை லேப்டாப்பில் திறப்பார்கள், டிவியில் திறப்பார்கள், கைபோனில் திறப்பார்கள். அதனதன் அளவுக்குப் பக்கம் எப்படித் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக விதி எழுதும் குழுவில் இருக்கிறேன். பல நாட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை திரையில் கூடிப் பேசுகிறோம்.

அப்படிப்பட்டவள் என்ன செய்தேன் தெரியுமா? நடுவில் மண்டபமும் நேரமும் வைத்தேன். அன்வரி தாதிமா சொன்ன வரிகளை வலது பக்கம் தனிப் பத்தியாக வைத்தேன். திரையின் அகலம் ஒரு அளவுக்குக் கீழே போனால் பக்கத்துப் பத்தியை எடுத்துவிடு என்று எழுதிவைத்தேன். கைப்பழக்கம். இடமில்லை என்றால் ஓரத்தில் இருப்பதைத் தூக்கிவிடுவோம். என் லேப்டாப்பில் பார்த்தேன், என் பெரிய போனில் பார்த்தேன், சரியாக இருந்தது. உன்னிடம் இருப்பது நான் கழித்துப் போட்ட பழைய சின்ன போன் என்பது நினைவுக்கு வரவில்லை. நீயே படித்துக்கொள்வாய் என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

தாதிமா போனில் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

"அமிர்தா, லைனிங்கை மாற்றி வைத்தது நான்.
முனீர் சார் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன்.
உன் வேலை போனது, என் வேலை இருந்தது.
கால் வீங்கிவிட்டது, உன் வீடு வரை நடக்க முடியவில்லை.
நாளைக்கு என் பக்கத்தில் வந்து உட்காரு."

"இத அழைப்புல போடணுமா தாதிமா?" என்று கேட்டேன். "ஊர் பாக்கத்தான அவ வெளிய போனா, ஊர் பாக்கத்தான் கேப்பேன்" என்றார்.

என்னை மன்னிப்பாயா ஆயா?

மேகலா


ஆம்பூர்
25-2-2025

மேகலாவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே வெயில் இப்போதே ஜாஸ்தி. உன் அப்பனுக்கு இருமல், கம்மி ஆகவில்லை.

உன் குழுவில் யாராவது ஷூ தைத்ததுண்டா? முப்பத்தாறாம் நம்பர் ஷூவாக இருந்தாலும் நாற்பத்து நாலாம் நம்பராக இருந்தாலும் துண்டு எண்ணிக்கை ஒன்றுதான். சின்னக் கால் என்று லைனிங்கை விட்டுவிட்டுத் தைப்போமா? ஒவ்வொரு துண்டையும் சின்னதாக வெட்டுவோம், ஒன்றையும் தூக்கி எறியமாட்டோம். ஐந்தாவது படித்த எனக்கு இது தெரியும். அத்தனை படித்த உனக்குத் தெரியவில்லை.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆயா


பெங்களூரு
4-3-2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நீ எழுதிய ஷூ விஷயத்தை அப்படியே குழுவில் சொன்னேன். ஐந்து வரியின் கதையையும் சொன்னேன். திரை சிறுத்தால் பகுதிகளை அடுக்கி வைக்கலாம், சுருக்கலாம், கீழே இறக்கலாம், ஆனால் படிக்கிறவருக்குத் தேவையானதை ஒளித்துவிடக் கூடாது என்று விதியோடு ஒரு குறிப்பு சேர்க்கப் போகிறார்கள். நல்லதுதான்.

ஆனால் அதை எழுத நான் இருக்கமாட்டேன். மாதக் கடைசியோடு குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், வேலையிலிருந்தும்தான். இனி யாருக்கும் ஒரு பக்கமும் செய்ய எனக்குக் கை வராது.

ஹீனாவிடம் பேசி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "தாதிமா பக்கத்துல ஒரு சேர்ல துப்பட்டாவப் போட்டு வெச்சிருந்தாங்க மேகலா. யார் உக்கார வந்தாலும் 'ஆள் வருது, ஆள் வருது'ன்னாங்க. சாப்பாடு முடிஞ்சி சேரெல்லாம் அடுக்கறப்போகூட அத மட்டும் எடுக்க வுடல" என்றாள். அதற்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததற்கு நான்தான் காரணம்.

மேகலா


ஆம்பூர்
10-3-2025

என் தங்கம் மேகலாவுக்கு,

முதல் கடிதத்தில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர் என்று எழுதினேன். வேறு யாரும் வரவில்லை என்றும் எழுதினேன். ஒருவனை விட்டுவிட்டேன். மறந்துபோய் அல்ல.

ஜாஸ்மின் மாவு வாங்கிப் போய்விட்டாள், உன் அப்பன் குளிக்கப் போய்விட்டான். ஐந்தரை மணிக்கு ஹீனாவின் அண்ணன் சுஹேல் ஆட்டோவோடு வந்தான்.

"தாதிமா எழுதனதப் பாத்தீங்களா ஆயா? காலைல இட்டுனு போக வரட்டுமா?"

"இதுல ஒண்ணும் இல்லியேப்பா."

போனை வாங்கினான். முன்னும் பின்னும் பார்த்தான். அப்புறம் அப்படியே படுக்கைவாட்டில் திருப்பிப் பிடித்தான். திரை அகலமானதும் வலது பக்கத்தில் அந்தப் பத்தி வந்து நின்றது மேகலா. என் கண்ணாடியை நானே தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஐந்து வரியையும் இரண்டு தடவை படித்தேன். உன் கடிதத்தில் பார்ப்பதற்கு முன்பே அது எனக்கு மனப்பாடம்.

இருபத்தொன்பது வருஷமாக அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை. வந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அவளும் கொஞ்ச நாள் காத்துக் கிடக்கட்டும். ரம்ஜான் முடிந்து நானே போய்க்கொள்ளலாம்.

சுஹேல், "தாதிமாகிட்ட இன்னா சொல்லட்டும் ஆயா?" என்றான்.

"போன் சின்னது, அதுல ஒண்ணும் தெரியலன்னு சொல்லு."

அவன் என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரி ஆயா" என்று போய்விட்டான். இன்று வரை ஹீனாவிடம்கூட அவன் வாய் திறக்கவில்லை. போனைக் காரணம் காட்டியது முதலில் என் வாய்தான். ஹீனா தெருவில் விசாரிக்க ஆரம்பித்ததும், சுஹேல் சொல்லிவிடுவதற்கு முன்னால் பழி வேறு யார் மேலாவது ஏறட்டும் என்று உனக்கு எழுதினேன். பெற்ற பிள்ளையின் பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை.

உன் பக்கத்தில் தப்பு இருக்கிறது, அதைத் திருத்து. அதற்கு நீ அங்கே இருக்கவேண்டும். விலகல் கடிதத்தைத் திருப்பி வாங்கு. அந்தக் குறிப்பை நீயே உட்கார்ந்து எழுது. ஆனால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததற்குக் காரணம் நீ இல்லை. வரி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

தலையைக் குனிந்த அன்று அன்வரிக்கு நாலு பிள்ளை, புருஷன் ஆஸ்பத்திரியில். பயந்து சும்மா இருந்தாள். நான் யாருக்குப் பயந்தேன்?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன் ஹீனா வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். சுஹேலும் இருக்கும்போது, அவள் அம்மா முன்னால் சத்தமாகப் படிப்பேன். வெளியே போ என்றால் போகிறேன். போய்ப் பழக்கம் இருக்கிறது.

அன்வரியை மன்னித்துவிட்டேன். முனீர் அகமதுவையும், அவனும் கிழவன், போகட்டும். இனி மன்னிக்கமாட்டேன் என்று நான் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு ஆளை. பெயரைக் கீழே எழுதுகிறேன்.

அமிர்தவள்ளி