அப்பா தனக்காக எழுதிய மனு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், வீடும் நலம். வீட்டை எதற்குச் சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைப்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். அதன் பிறகு ஏழு மாதம் அவர் தட்டச்சு இயந்திரத்தின் பக்கமே போக முடியவில்லை என்பதையும், வீட்டுக் கடன் தவணை அப்படியே நின்றுபோனதையும் சொல்லவில்லை. கோபப்படாதே, நீ அங்கே கிடந்து கவலைப்படுவாய் என்றுதான். வங்கியிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற மனுஷன் தனக்கு வந்த உறையைப் பிரிக்கவே இல்லை. இந்த வாசகத்தை நான் ஆயிரம் பார்த்தாச்சு என்று அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். ஒட்டடை அடிக்க ஏறியபோது நான்தான் பிரித்தேன். வீட்டை ஏலம் விடப்போகிறோம் என்று முதல் பக்கத்தில் இருந்தது. திருப்பினால் இரண்டாம் பக்கத்தில், கஷ்டத்தில் இருப்பவர்கள் காரணத்தை எழுதித் தந்தால் தவணையை மாற்றித் தருவதாகவும், இலவசமாக யோசனை சொல்ல ஓர் அலுவலகம் இருப்பதாகவும் போட்டிருந்தது. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

ஏன் பிரித்தாய் என்று அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்து மூன்று பக்கம் அடித்தார். யோசனை சொல்லும் அந்த அலுவலகம் நூலகத்து மாடியில் இருக்கிறது, இருவரும் போனோம். ஆலோசகராக இருந்த பெண் ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்று பக்கத்தையும் படித்தாள். தவிர்க்க இயலாத காரணங்களால், மேன்மை தங்கிய வங்கி என்று அப்பா வழக்கமாக எழுதுவதெல்லாம் அதில் இருந்தது, கண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. "படிக்க நல்லாத்தான் இருக்கு, ஐயா. ஆனா இது யாரு வீட்டுல நடந்துச்சு?" என்றாள். அப்பா, "அடுத்தவங்களுக்குன்னா கை ஓடுதும்மா. எனக்குன்னா ஓடல" என்றார். முப்பது வருஷத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தாள். கண்ணில் ஆபரேஷன் ஆனது, ஏழு மாதம் வேலை செய்ய முடியவில்லை, இப்போது முன்பு வந்ததில் பாதி வருகிறது, இந்த வீட்டிலேயே இருக்க விரும்புகிறோம், உதவி வேண்டும் என்று கையாலேயே நாலு வரி எழுதினார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை நான் தேதிவாரியாகக் கோர்த்து வைத்திருந்ததை அவள் பாராட்டினாள், அதையும் எழுதாமல் விட எனக்கு மனசில்லை.

அதை வங்கியில் கொடுத்தோம், ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குத் தவணையைக் குறைத்து, விட்டுப்போனதைக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். கடன் முடிய இன்னும் இரண்டு வருஷம் கூடும், கூடட்டும். இதற்கு நடுவில் ஏலப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவன் வந்து, கையெழுத்துப் போட்டால் வீட்டை மீட்டுத் தருகிறேன் என்றான். அப்பா அவன் காகிதத்தை வாசலில் நின்றபடியே முழுக்கப் படித்து, ஏழாவது வரியிலேயே வீடு உன் பேருக்கு வந்துடுதே தம்பி என்று திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர் இதே மாதிரி வங்கிக் கடிதத்தோடு வந்தார், வெட்கத்தில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா தன் மனுவின் நகலை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது நான் எழுதினது, எனக்காக. படிங்க" என்றார். பெயரும் விலாசமும் மேலேயே இருந்தன, மறைக்கவில்லை. அப்பாவைக் கல்யாணம் கட்டிக்கொண்ட நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததாக ஞாபகமில்லை.

பணம் எதுவும் அனுப்பாதே. போனில் பேசும்போது அப்பாவிடம் பரிதாபப்படாதே, அந்த நாலு வரியைப் படித்துக் காட்டச் சொல். குட்டியைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே. மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள்.

உன் வீட்டிலிருந்து,
அம்மா