குதிரை மசால் வடை

பிப்ரவரி 2, ஞாயிறு
கடற்கரையில் சவாரிக்கு வந்த கூட்டம் எங்கள் குதிரை ரோசிக்கு லட்டும் பன்னுமாக ஊட்டிவிட்டுப் போயிருக்கிறது. இப்போது அது முன்கால் இரண்டையும் ஊன்ற முடியாமல் நிற்கிறது. என் வீட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை. "அவளுக்கு வலிக்குது மேரி" என்கிறார். குதிரை அவருக்கு 'அவ'. எனக்குச் சக்களத்தி இல்லாத குறையைத் தீர்க்க வந்தது அது. ஒன்று சொல்லணும், வலியிலும் தலை தொங்கவில்லை.

பிப்ரவரி 3
கிளியனூர் மாட்டு டாக்டர் பக்தவச்சலம் வந்தார். குளம்புக்குள் வீக்கமாம். "வெல்லம், பழம், பன்னு எதுவும் ஆகாதுங்க. மாத்திரைய விடாம குடுங்க, இல்லன்னா நிக்கவே நிக்காது. ஆசைக்குக் குடுக்கணும்னா குதிரை மசால் குடுங்க." என் வீட்டுக்காரர் வெளியே போய் அழுதார். மாத்திரையை நான்தான் வாங்கி வைத்தேன்.

பிப்ரவரி 4
உப்பள வேலை முடிந்து வரும் வழியில் மளிகைக் கடையில் கேட்டேன். "கறி மசால் இருக்குது, மீன் மசால் இருக்குது. குதிரைக் கறி யாரும்மா துன்றாங்க?" கடையே சிரித்தது. போனில் டாக்டரும் சிரித்தார். அது தழையாம், பச்சைத் தீவனம். பேர் வைத்தவன் என் கையில் சிக்கணும்.

பிப்ரவரி 7
தழை கிடைத்தது. காயவைத்து இடித்து, வேகவைத்த ஆளிவிதைக் கூழில் பிசைந்தேன். உருண்டை தொண்டையில் சிக்குமாம், அதனால் வடை மாதிரி தட்டி நடுவில் மாத்திரை வைத்தேன். முழுசாக மென்று, மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்பியது. திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். என்ன சாமர்த்தியம்.

பிப்ரவரி 8
மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படியே போனால் என்ன ஆகும்? உப்பளத்திலிருந்து வந்த கழுவாத கையால் கழுத்தைத் தடவினேன் — விரல் விரலாக நக்குகிறது. உப்புதான். வடையில் ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து நீட்டினேன். ஒரு துகள் விடவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, பாழாப்போன குதிரை.

பிப்ரவரி 10
அன்றன்றைக்குத்தான் தட்டணும். இந்தக் கடல் காத்துக்கு மறுநாளே பூஞ்சை.

மார்ச் 5
திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. எங்களுக்கு நாற்பது நாள்தான் தவம், குதிரைக்கு ஆயுசுக்கும் இனிப்பு கிடையாது. ஒரு முனகல் உண்டா? நாலு காலும் ஊன்றி நிற்கிறது. வெயிலில் அந்தச் செம்பட்டை முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மார்ச் 19
வேலை முடிந்து வந்தேன். கொட்டகையில் இவர் "ரோசி, ரோசி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அசையவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நடந்தாள். நொண்டாமல் வாசல் படல்வரை வந்து என் கையை முகர்ந்தாள்.
"அவ உன்னைத்தான் தேடுறா" என்றார் இவர்.
எனக்குத் தெரியாதா அவளை, என்றேன்.