பாலத்தடித் தெருவின் நிறம்

மார்ச் 3, செவ்வாய். காலை 6.40. திறந்த சாக்கடை மூடிகள் ஒன்பது, மீதி ஐந்து.

ஆபீஸ் வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூடி தூக்குபவர் டீ குடிக்கப் போனால் ஊர்க் கதையெல்லாம் பேசி முடித்துத்தான் வருவார். எனக்குச் சும்மா இருக்க வராது.

என் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவதை விட்டுவிட்டேன். இங்கே ஒரே ஒரு முறை. புதுக் காய்ச்சல் தொற்றியவர்களின் மலத்தில் கிருமியின் தடயம் இருக்கும், உடம்பு சுட ஆரம்பிப்பதற்கு முன்பே. தெருச் சாக்கடையில் ஒரு பாட்டில் மொண்டு சோதித்தால் அங்கே காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம். யாருக்கு என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். செவ்வாய் பாட்டில், வியாழன் முடிவு. அதை வைத்து சுகாதார நிலைய டாக்டர் எந்தத் தெருவுக்கு எத்தனை படுக்கை என்று ஒதுக்கி வைப்பார். அவ்வளவுதான். இதற்கு நான்கு வருடம் படித்தேன்.

மூடி தூக்குபவருக்குக் கடப்பாரை என்று பட்டப்பெயர். இன்று சொன்னார்: “நீங்க படிச்சீங்க, நான் படிக்கல. கடைசில ரெண்டு பேரும் ஒரே குழியத்தான் எட்டிப் பாக்கறோம் தம்பி.”

“நான் பாட்டிலோட பாக்கறேன்ல.”

“அதான் உங்களுக்கு நாற்காலி குடுத்திருக்காங்க.”

மார்ச் 5, வியாழன்.

பாலத்தடித் தெரு: போன வாரத்தைப்போல் மூன்று மடங்கு. டாக்டருக்கு அனுப்பியாயிற்று. தகவல் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லிப் புது உத்தரவு. எதற்கு என்று கேட்டேன். “மேப்புக்கு” என்றார்கள்.

மார்ச் 6, வெள்ளி.

மேப் வந்துவிட்டது, எல்லோர் போனிலும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பதினான்கு தெருக்களில் ஒன்றே ஒன்று சிவப்பு.

அக்காவின் சலவைக் கடை அந்தத் தெருவின் முனையில் இருக்கிறது. நான்கு மெஷின், ஓர் இஸ்திரி மேசை, ஒரு மாமா. நான் பாட்டில் மொள்ளும் மேன்ஹோல் சரியாகக் கடை வாசலில்.

போன் பத்து மணிக்கு வந்தது.

“ஏண்டா, ஊர்ல இருக்கற சாக்கடையெல்லாம் விட்டுட்டு என் கடை வாசல்லதான் மொண்டியா?”

“மேன்ஹோல் அங்கதான் இருக்கு.”

“அப்ப அதையும் சேத்துத் தூக்கிட்டுப் போ.”

வைத்துவிட்டாள். மேப் போட்டது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எண் என்னுடையதுதான்.

மார்ச் 9, திங்கள்.

கடைக்குப் போனேன். அரை மணி நேரத்தில் பார்த்தவை:

துவைக்காத துணியைத் திருப்பி வாங்க வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர், பல வருட வாடிக்கை, பையைக் குடையின் முனையில் மாட்டி எடுத்துக்கொண்டு போனார். அவருடைய துணி. அவரே கொண்டுவந்து போட்டது. கூரியர்காரர் தெரு முனையிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டு வரவழைத்தார். ஆட்டோக்கள் உள்ளே வருவதில்லை. மாமா வெளியே நின்று, “மச்சான் வந்துட்டாரு, கக்கூஸ் இன்ஜினியர்! வாங்க வாங்க, தெருவுக்கே பேர் வாங்கிக் குடுத்தவரு!” என்று வரவேற்றார். சிரித்துக்கொண்டேதான். கை மட்டும் சும்மா இல்லை. மடித்த துண்டையே மடித்துக்கொண்டிருந்தது.

கடை ஓனர் வேறு பகுதியில் இருப்பவர். காலையில் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். இந்த மாதம் முடிவதற்குள் தெரு பச்சையாகாவிட்டால் காலி செய்ய வேண்டுமாம். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எனக்கும் குழந்தைங்க இருக்கு” என்றாராம். அவருடைய குழந்தைகளில் மூத்தவனுக்குக் கல்யாணமாகிவிட்டது.

மார்ச் 11, புதன்.

முடிவெட்டப் போனேன். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் போர்த்தினார்கள்.

மார்ச் 12, வியாழன்.

பாலத்தடி இன்னும் சிவப்பு. தகவல் பிரிவு அதிகாரியைப் பார்த்து, மேப்பை நிறுத்தச் சொன்னேன்.

“மக்களுக்குத் தெரியணும்ல தம்பி.”

“தெரிஞ்சு என்ன சார் பண்றாங்க?”

“ஜாக்கிரதையா இருக்காங்க.”

“ஒதுக்கி வைக்கறாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். நல்ல மனிதர், என் தோளைத் தட்டி அனுப்பினார்.

மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு என் அறைக்கு வந்தாள்.

“எத்தன வாரம் சுத்தமா வந்தா பச்சை?”

“ஒண்ணு.”

“இந்தக் கிருமி எதுல சாகும்? துணி ஊற வைக்கறதுக்குக் கேக்கறேன்.”

“வெயில்ல. சூட்டுல. ப்ளீச்ல நிமிஷத்துல செத்துடும், தடயம்கூட இருக்காது.”

“தடயம்கூட இருக்காதா?”

“இருக்காது.”

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்.

பதினான்கு பாட்டில். மழை இல்லை. கடப்பாரைக்குச் சளி, ஆனால் லீவு போட மாட்டேன் என்கிறார். “தும்முனேன்னு தெரிஞ்சா வீட்டு வாசல்ல மேன்ஹோல் வெச்சுடுவாங்க.”

மார்ச் 19, வியாழன்.

பாலத்தடித் தெரு: பூஜ்யம்.

போன வாரம் அத்தனை இருந்தது. காய்ச்சல் படியிறங்கும், மாடியிலிருந்து குதிக்காது.

ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு எண் பார்க்கிறோம். ஒன்று காய்ச்சல் கிருமி. இன்னொன்று எந்த மனிதக் கழிவிலும் எப்போதும் இருக்கும் ஓர் அடையாளம். தீங்கில்லாதது, பாட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும். அதுவும் பூஜ்யம். அதாவது இந்தக் கணக்குப்படி பாலத்தடித் தெருவில் மனிதர் ஒருவர்கூட வசிக்கவில்லை.

மீதமிருந்த தண்ணீரில் குளோரின் சோதிக்கும் காகிதப் பட்டையை நனைத்தேன். நிறம் ஏறிய வேகத்தில் பட்டை கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றைப் போட்டேன். அதுவும் ஏறியது.

அதிகாரி முதல் எண்ணை மட்டும்தான் பார்ப்பார். டாக்டருக்கும் அவருக்கும் வழக்கம்போல் அதை மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 20, வெள்ளி.

பச்சை.

கடைக்குப் போனேன். அக்கா சட்டைக் கழுத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“எத்தன கேன்?”

“என்ன கேன்?”

“ப்ளீச்.”

இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. “வீட்டுக்கு ஒரு பாட்டில். திங்கக்கெழம படுக்கறப்ப ஒரு தடவ, செவ்வாக்கெழம எழுந்த ஒடனே ஒரு தடவ. ஒரு வீடுகூட மாட்டேன்னு சொல்லல. இந்தத் தெரு ஒண்ணா சேந்து செஞ்ச மொத காரியம் இதுதாண்டா.”

“அது பொய் ரிசல்ட்.”

“உண்மை ரிசல்ட் வந்தப்ப எங்களுக்கு என்ன கெடச்சுது?”

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் நீளமான பதில். கடையில் மூன்று பேர் துணிப்பையோடு நின்றிருந்தார்கள். அதில் குடைக்காரரும் ஒருவர். கடை ஓனர் போன் செய்து, இருங்கம்மா, எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாமா எனக்கு டீ வாங்கிவரப் போனார். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, சனி.

அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு வரி. பாட்டில் செல்லாது, முடிவு செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.

அனுப்பவில்லை. அனுப்பினால் அக்காவின் கடை போகும். அனுப்பாவிட்டால்? ஒரு தெரு ஒரு வாரம் பச்சையாக இருக்கும். அதனால் யாருக்கு என்ன?

மார்ச் 22, ஞாயிறு.

யாருக்கு என்ன என்று கேட்டேனே.

காலை எட்டரைக்கு மாமா போன் செய்தார். கிண்டல் இல்லை. “மச்சான், ஆபீஸ் வேன் கெடைக்குமா?”

கடைக்கு எதிரே தையல்காரர். நாற்பது வயது இருக்கலாம். ஆறு நாளாகக் காய்ச்சல். முதல் இரண்டு நாள் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு படுத்தவர்தான். தெருக்காரர்கள், செவ்வாய் தாண்டட்டும், வியாழன் வரட்டும், மேப் வரட்டும் என்று நாள் தள்ளியிருக்கிறார்கள். பச்சை வந்த பிறகு, இப்போது போய் ஆம்புலன்ஸ் வந்தால் எல்லாம் பாழ் என்றிருக்கிறார்கள். அவர் மனைவி போர்வையைத் துவைக்கக் கொடுத்தபோது அக்கா வாங்கவில்லை. ஒரு பாட்டில் ப்ளீச் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

வேனைக் கொண்டுபோனேன். எங்கள் வேன் வந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வார்கள். பாட்டில் பெட்டிகளை ஒதுக்கி அவரைப் படுக்க வைத்தோம். மூச்சு விடுவது வேன் இன்ஜினுக்கு மேலே கேட்டது. அக்கா துவைத்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, வேன் படியில் வைத்துவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் அவருக்கு ஆக்ஸிஜன் வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாலத்தடி பூஜ்யம்னு நீங்கதானே அனுப்பினீங்க? அவங்களுக்கு வெச்சிருந்த படுக்கைய வெள்ளிக்கெழமையே வேற தெருவுக்குக் குடுத்துட்டேன்.”

தையல்காரர் தாழ்வாரத்தில் கிடக்கிறார். சக்கரக் கட்டிலில். போறவர்ற காலெல்லாம் இடிச்சுட்டுப் போகுது.

ப்ளீச்ல தடயம்கூட இருக்காதுன்னு யார் சொன்னது? நான். சரி, அது கேட்ட கேள்விக்குப் பதில். வியாழக்கிழமை பட்டைய நனைச்சுப் பாத்தது யாரு? வெள்ளிக்கெழம டீ குடிச்சுட்டு வந்தது யாரு? அனுப்ப வேண்டியது நாலே வரி. நாலு வரிடா.

மார்ச் 23, திங்கள்.

முதலில் அக்காவிடம் போனேன். இதை அவள் மேப்பில் பார்க்கக் கூடாது.

“அது பொய் ரிசல்ட்னு இன்னைக்கு எழுதி அனுப்பறேன்.”

“அவருக்கு எப்படி இருக்கு?”

“இன்னும் தாழ்வாரத்துலதான்.”

மெஷின் பக்கம் திரும்பினாள். உள்ளே யாருடைய துணியோ சுற்றிக்கொண்டிருந்தது. “அனுப்பு. நீ சொல்றது சரியாத்தான் இருக்கும், எப்பவும் நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். அனுப்பிட்டு இந்தப் பக்கம் வராத.”

அனுப்பினேன். அதிகாரி போன் செய்தார்.

“செல்லாதுன்னா என்ன கலர் தம்பி?”

“கலர் கெடையாது சார்.”

“மேப்ல மூணு கலர்தானே இருக்கு. பச்சை இல்லன்னு ஆயிடுச்சு. அப்ப?”

அவருக்கு உண்மையாகவே வேறு வழி தெரியவில்லை. சாயங்காலம் மேப்பில் பாலத்தடி சிவப்பு.

மார்ச் 24, செவ்வாய்.

பாலத்தடியில் மூடியைத் திறக்கும்போது இருபது பேர் சுற்றி நின்றார்கள். அக்கா கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எனக்கு மேடைப் பேச்சு வராது. “ப்ளீச் ஊத்தினா கலர் மாறும், காய்ச்சல் மாறாது. படுக்கை மட்டும் வேற தெருவுக்குப் போயிடும்” என்றேன்.

“படுக்கைய நீயே வெச்சுக்க, எங்க பேரைத் திருப்பிக் குடு” என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதில் தவறில்லை.

வேறு யார் வீட்டில் காய்ச்சல் என்று கேட்டேன். கூட்டம் கலைய ஆரம்பித்தது. கடப்பாரை மூடியைப் போட்டார். வேனில் ஏறும்போது ஒரு பெண்மணி, மூக்கைப் பொத்துகிற சாக்கில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்குள் சொன்னாள்: “என் பையனுக்கு ரெண்டு நாளா சுடுது. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்க.” நம்பர் வாங்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அதே மாதிரி இன்னும் மூன்று போன்.

மார்ச் 27, வெள்ளி.

சிவப்பு. இந்த முறை உண்மை எண், 12-ம் தேதி எண்ணைவிடக் குறைவு. மேப்பில் குறைவுக்கு நிறம் இல்லை.

கடை ஓனர் நேரிலேயே வந்தாராம், கையுறை போட்டுக்கொண்டு. செவ்வாய்க்குள் காலி.

ரகசியமாகச் சொன்ன நான்கு வீட்டு நோயாளிகளும் சுகாதார நிலையத்தில் சேர்ந்துவிட்டார்கள். நடந்தே வந்தார்கள். தையல்காரருக்கு ஆக்ஸிஜன் எடுத்தாயிற்று. டாக்டர் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது: அடுத்த மாதத்திலிருந்து மேப்பில் தெருப் பெயர் இருக்காது, நகரம் முழுவதற்கும் ஒரே எண். அடுத்த மாதம். இன்னும் ஐந்து நாள். கடை போவது அதற்கு முந்தின நாள்.

அம்மா ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு, “ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க, ஒரு வீடு போதாது உங்களுக்கு” என்றாள். அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு.

செய்ய வேண்டியவை:

1. டாக்டரிடம் கேட்பது: பாலத்தடிக்கு இனி எத்தனை படுக்கை. எழுத்தில் வாங்குவது.

2. இந்த வாரத்திலிருந்தே பாட்டிலில் தெருப் பெயருக்குப் பதில் ஓர் எண் மட்டும். எந்த எண் எந்தத் தெரு என்பது டாக்டருக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். தகவல் பிரிவு உத்தரவைக் காட்டினால், அடுத்த மாத உத்தரவை நானும் காட்டுவேன். ஒரு நாள் முன்கூட்டிக் கடைப்பிடித்ததற்கு வேலை போனால் போகட்டும்.

3. தையல்காரரைப் பார்ப்பது. ஞாயிறு வரை அந்த அறிக்கையை நான் ஏன் அனுப்பவில்லை என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிடுவது. சுருக்கமாக.

4. என் கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைப்பது. அக்காவின் கடை இங்கே வருகிறது: என் அறையில் இரண்டு மெஷின் நிற்கும், முன்னறையில் இரண்டு. அம்மா அளந்து பார்த்துவிட்டாள். அக்காவிடம் பேசியதும் அவள்தான்.

5. அறைக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க ஆள் பிடிப்பது. கழிவுக் குழாயை நானே போட்டுக்கொள்வேன்.

6. செவ்வாய் மாதிரி எடுப்பதை மதியத்துக்குத் தள்ளுவது.

7. செவ்வாய் காலை ஏழு மணிக்கு அக்கா கடை. கடப்பாரை வருகிறார், மாமாவுக்கு முதுகுவலி. அக்கா என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டாள். ஒரு மெஷினுக்கு ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் வேண்டும். போய் மறுபக்கத்தைப் பிடிப்பது. அவளாகப் பேசும்வரை பேசாமல் தூக்குவது.